உறவைச் சொல்வது வேறு, உறவைக் கூப்பிடுவது வேறு: ஆங்கில வகுப்பில் குடும்பப் பாடம்

ஆங்கிலம் கற்றுத்தரும் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் சில பாடங்களுக்குள் ஒரு குடும்ப மரம் வந்துவிடும். மேலே தாத்தா பாட்டி, நடுவில் அப்பா அம்மா, கீழே பிள்ளைகள், ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் ஆங்கிலச் சொல். ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகத்திலும், ஏ1 என்னும் ஆரம்ப நிலையிலேயே, தன்னையும் தன் குடும்பத்தையும் பற்றிய பழக்கமான சொற்களைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. அதனால் பலரும் இதை ஒரே வகுப்பில் முடித்துவிடக்கூடிய பாடமாக நினைக்கிறார்கள். பத்துப் பதினைந்து சொற்கள், அவற்றின் பொருள், எழுத்துக்கூட்டு, ஒரு சின்னத் தேர்வு, அப்புறம் அடுத்த பாடம்.

ஆனால் இந்தப் பாடத்துக்குள் இரண்டு பாடங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் பேசும்போது எந்தச் சொல் வரும் என்பது ஒன்று. அவரையே நேரில் கூப்பிடும்போது எந்தச் சொல் வரும் என்பது இன்னொன்று. தமிழில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே சொல்தான் என்பதால் நமக்கு அந்தப் பிரிவு கண்ணில் படுவதே இல்லை. ‘இவங்க எங்க அத்தை’ என்கிறோம், உடனே திரும்பி ‘அத்தை, இங்க வாங்க’ என்கிறோம். ஆங்கிலத்தில் பேசுவதற்கான சொற்கள் நிறைய, கூப்பிடுவதற்கான சொற்கள் கொஞ்சம். மம், டாட், கிராண்ட்மா, கிராண்ட்பா, அப்புறம் பெயரோடு சேர்த்து அங்கிள், ஆன்ட்டி, அநேகமாக அவ்வளவுதான். பிரதர், சிஸ்டர், கசின், நெஃப்யூ, நீஸ், ‘இன்-லா’ என்று முடியும் அத்தனை உறவுகள், இவையெல்லாம் பற்றிப் பேசுவதற்கு மட்டும். அண்ணனைத் தம்பி பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான், அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. மத நிறுவனங்களிலும், ‘ப்ரோ’ என்று நண்பர்களுக்குள் கூப்பிட்டுக்கொள்வதிலும் பிரதர், சிஸ்டர் அழைப்புச் சொற்களாக வரும், பிரிட்டனில் வார்டு பொறுப்பில் இருக்கும் மூத்த செவிலியரையும் சிஸ்டர் என்பதுண்டு, ஆனால் உடன்பிறந்தவரை அப்படிக் கூப்பிடுவது இன்றைய சாதாரண ஆங்கிலப் பேச்சில் இல்லை.

இதைச் சொல்லித்தராமல் விட்டால் என்ன ஆகும்? மாணவர் பிரதர்-இன்-லா என்ற சொல்லை ஒழுங்காகப் படித்து, பொருளும் தெரிந்து, நேரில் அந்த மனிதரைப் பார்க்கும்போது ‘ஹலோ பிரதர்-இன்-லா’ என்று ஆரம்பிப்பார். இலக்கணத்தில் பிழை இல்லை, உச்சரிப்பும் சரி, ஆனாலும் எதிரே நிற்பவர் ஒரு நொடி விழிப்பார். மாணவருக்கு எங்கே தவறு என்றே தெரியாது, ஏனென்றால் பாடத்தில் அப்படி ஒரு கோடு போடப்படவே இல்லை. அதனால் சொற்களை அறிமுகப்படுத்தும் அந்த வேளையிலேயே ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதை வைத்துக் கூப்பிடலாமா, கூடாதா? கரும்பலகையில் இரண்டு பத்தி போதும். மதர், ஃபாதர் பேசுவதற்கான பத்தியில், மம், டாட் இரண்டிலும். எழுத்தில்கூட இந்த வித்தியாசம் தெரியும். பெயர் போலத் தனியாக வரும் ‘மம்’ பெரிய எழுத்தில் தொடங்கும், ‘மை மம்’ என்று உரிமைச் சொல்லோடு வந்தால் சின்ன எழுத்து. இலக்கண விதியாகச் சொன்னால் மறந்துபோகும், கூப்பிடுவதையும் பேசுவதையும் பிரித்துக் காட்டிவிட்டுச் சொன்னால் நிற்கும்.

இனி சொற்களின் பொருளுக்கு வருவோம். தமிழ் மாணவருக்கு அங்கிள் என்ற சொல் கிடைத்ததும் முதலில் வரும் உணர்வு, ஏதோ விடுபட்டிருக்கிறது என்பதுதான். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தையின் கணவர், சித்தியின் கணவர், எல்லாரும் அங்கிள். பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி, எல்லாரும் ஆன்ட். நம்முடைய சொற்கள் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன: அம்மா வழியா அப்பா வழியா, மூத்தவரா இளையவரா. ஆங்கிலச் சொற்கள் அந்த இரண்டையும் கேட்பதே இல்லை. ஆணா பெண்ணா, எந்தத் தலைமுறை, நேர்க் கோட்டில் வருபவரா பக்கக் கிளையா, இவைதான் அதற்கு வேண்டியவை.

உறவுமுறைச் சொற்களை வைத்து மொழிகளை ஒப்பிடும் ஆய்வு பழையது. அமெரிக்க மானுடவியலாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் 1871-இல் வெளியிட்ட பெரிய நூலில் உலகின் பல மொழிகளின் உறவுச் சொற்களைத் தொகுத்தபோது தமிழும் அதில் இருந்தது, அமெரிக்கப் பழங்குடியினரில் செனகா மக்களின் முறைக்கும் தமிழ் முறைக்கும் உள்ள ஒற்றுமை அவரை வியக்கவைத்தது. ஜார்ஜ் பீட்டர் மர்டாக் 1949-இல் உறவுமுறைகளை ஆறு வகைகளாகப் பிரித்தார், அவற்றில் ஆங்கிலம் இனூயிட் மக்களின் முறையோடு ஒரே வகையில் வருகிறது. திராவிட உறவுமுறை என்பது மானுடவியலில் தனிப் பெயரோடு நிற்கும் ஒரு வகை. லூயி துய்மோன் 1953-இல் எழுதிய கட்டுரையில் அதைத் திருமண உறவின் வெளிப்பாடாக விளக்கினார்: பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கைகள், மாமா, அத்தை பிள்ளைகள் முறைப்பிள்ளைகள். ஆங்கிலத்தின் கசின் இந்த இரண்டு வேறுபட்ட உறவுகளையும் ஒரே சொல்லில் போட்டுவிடுகிறது. ‘கசின் பிரதர்’ என்ற சேர்க்கை எங்கிருந்து பிறந்தது என்பது இதிலிருந்து தெரியும். பெரியப்பா மகனை வெறும் கசின் என்று சொல்ல மனம் வருவதில்லை, கூடவே அவர் ஆணா பெண்ணா என்றும் கசின் சொல்லவில்லை, ஆகவே ஒரு பிரதரை ஒட்டிக்கொள்கிறோம். இதைக் கேலி செய்து திருத்துவது எனக்குப் பிடிக்காது. மாணவர் தன் மொழி கேட்கும் ஒரு தகவலைக் கொடுக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். ‘மை கசின்’ என்று சொல்லி, அடுத்த வாக்கியத்தில் ‘ஹீ’ அல்லது ‘ஷீ’ வந்தால் பால் தானாகத் தெரிந்துவிடும் என்று காட்டினால் போதும், அடுத்த தடவை அவரே விட்டுவிடுவார்.

ஆங்கிலமும் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதை வளர்ந்த மாணவர்களிடம் சொல்வது நல்லது. பழைய ஆங்கிலத்தில் அப்பாவின் சகோதரனுக்கு ஒரு சொல், அம்மாவின் சகோதரனுக்கு வேறொரு சொல், அத்தைக்கும் சித்திக்கும்கூடத் தனித்தனிச் சொற்கள். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் வந்த நூற்றாண்டுகளில் பிரெஞ்சிலிருந்து அங்கிள், ஆன்ட், நெஃப்யூ, நீஸ், கசின் எல்லாம் உள்ளே வந்து பழைய சொற்களைத் தள்ளிவிட்டன. அங்கிள் என்பதன் லத்தீன் மூலம் தாயின் சகோதரனை மட்டும், அதாவது நம்முடைய தாய்மாமனை மட்டும், குறித்த சொல். ஆன்ட் என்பதன் மூலமோ தந்தையின் சகோதரி, நம்முடைய அத்தை. வழி பார்த்துச் சொன்ன சொற்கள் வழியை இழந்து பொதுச் சொற்களாகிவிட்டன. இந்தக் கதை தெரிந்தால், ‘எங்கள் மொழியில் உறவு இருக்கிறது, அவர்களிடம் இல்லை’ என்று வகுப்பில் அடிக்கடி எழும் பேச்சும் அடங்கும். வழி பார்க்கும் மொழிகள் ஐரோப்பாவிலேயே இன்றும் உண்டு. ஸ்வீடிஷில் அப்பாவின் அம்மா ஃபார்மோர், அம்மாவின் அம்மா மோர்மோர்.

சரி, வழியையும் வயதையும் சொல்லியே ஆக வேண்டும் என்றால்? அப்போது ஆங்கிலம் சொல்லால் அல்ல, தொடரால் சொல்லும்: ‘மை மதர்ஸ் யங்கர் பிரதர்’. ’ஸ் போட்டு உரிமை காட்டும் இலக்கணத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ‘ஹூ இஸ் யுவர் ஃபாதர்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட்?’ என்று கேட்டு, மாணவர்கள் மனதில் தமிழில் ‘அத்தை வீட்டுக்காரர், மாமா’ என்று கணக்குப் போட்டு விடை சொல்வதைப் பார்த்தால் வகுப்பே உற்சாகமாகிவிடும். ஆனால் கூடவே ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசுகிறவர் இந்த நீளமான தொடரை, தேவைப்படும் இடத்தில் மட்டும்தான் சொல்வார். மற்ற நேரத்தில் ‘மை அங்கிள்’ போதும், கேட்பவர் ‘எந்த வழி?’ என்று எதிர்பார்க்கவே மாட்டார்.

திருமண வழி உறவுகளில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அக்கா கணவர், தங்கை கணவர், மனைவியின் சகோதரன், கணவனின் அண்ணன், தம்பி, எல்லாரும் பிரதர்-இன்-லா. சகலைக்கும் பலர் அதையே சொல்வார்கள். ‘கோ-பிரதர்’, ‘கோ-சிஸ்டர்’ என்பவை இந்தியாவுக்கு வெளியே புரியாது. ஓரகத்தியை ‘மை ஹஸ்பண்ட்ஸ் பிரதர்ஸ் வைஃப்’ என்று விரித்தோ, சுருக்கமாக சிஸ்டர்-இன்-லா என்றோ சொல்லலாம். சம்பந்திக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லே இல்லை, ‘மை சன்ஸ் மதர்-இன்-லா’, ‘மை டாட்டர்ஸ் இன்-லாஸ்’ என்று பிள்ளைகள் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும், ஸ்பானிய மொழியில் அதற்குத் தனிச் சொல் இருக்கிறது என்பது மாணவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். பன்மையில் எஸ் நடுவில் ஏறும், ‘பிரதர்ஸ்-இன்-லா’. உரிமைக் குறியோ கடைசியில்.

தன் குடும்பத்தை அறிமுகம் செய்யும் ஒரு மாணவரின் பேச்சைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்ப்போம் (இதில் வரும் ‘அவர்’ தமிழ்ச் சொல் அல்ல, ‘எங்கள்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்). ‘அவர் ஃபேமிலி ஹேஸ் ஃபைவ் மெம்பர்ஸ். அவர் ஃபாதர் இஸ் எ டீச்சர். மை பிரதர் இஸ் டூ இயர்ஸ் எல்டர் தான் மீ. ஹீ இஸ் மேரீட் வித் மை ஃபிரெண்ட்ஸ் சிஸ்டர்.’ இதில் எந்த வாக்கியமும் புரியாமல் போகாது. ஆனாலும் ஒவ்வொன்றுக்கு அடியிலும் தமிழ் ஓடுகிறது. ‘ஃபைவ் மெம்பர்ஸ்’ என்பது ஒரு சங்கத்தின் கணக்கு போல ஒலிக்கும், ‘தேர் ஆர் ஃபைவ் ஆஃப் அஸ்’ என்பதுதான் பேச்சு வழக்கு. ‘அவர் ஃபாதர்’ என்பது நுட்பமானது. தமிழில் ஒற்றைப் பிள்ளையாக இருந்தாலும் ‘எங்க அப்பா’ என்றுதான் சொல்வோம், ‘என் அப்பா’ என்பது பேச்சில் கொஞ்சம் குறுகலாகப் படும். ஆங்கிலத்தில் ‘அவர்’ என்று சொன்னால், சொல்பவருக்கும் பக்கத்தில் நிற்கும் இன்னொருவருக்கும் பொதுவான அப்பா என்று ஆகிவிடும். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளும்போது அது சரி, வெளியாளிடம் ‘மை’ தான். அடுத்தது எல்டர். இது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் மட்டும் நிற்கும், ‘எல்டர் பிரதர்’ சரி, ஒப்பிடும்போது ‘ஓல்டர் தான்’ என்று மாற வேண்டும். சும்மா பேசும்போது ‘பிக் பிரதர்’, ‘லிட்டில் சிஸ்டர்’ என்பார்கள், அல்லது வயதைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் ஒரு சகோதரனைப் பற்றி அரை மணி நேரம் பேச முடியும் என்பது தமிழ் மாணவர்களுக்கு நம்ப முடியாத விஷயமாக இருக்கும். கடைசி வாக்கியத்தில் ‘வித்’ போய் ‘டு’ வர வேண்டும், அது விளக்கம் தேவைப்படாத, பழகினால் வரும் திருத்தம். இதோடு இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன்: ‘ஐ கேம் வித் மை ஃபேமிலி’ என்று மனைவியை மட்டும் மனதில் வைத்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு, வெளியே கேட்பவர் பிள்ளைகளைத் தேடுவார்.

உடன்பிறந்தவர் ஆணானாலும் பெண்ணானாலும் பொதுவாகக் குறிக்கும் சிப்லிங் என்ற சொல்லைப் புத்தகங்கள் சீக்கிரமே கொடுத்துவிடுகின்றன. படிவங்களுக்கு அது தேவைதான், ஆனால் உரையாடலில் ‘டு யூ ஹேவ் எனி பிரதர்ஸ் ஆர் சிஸ்டர்ஸ்?’ என்பதுதான் இயல்பு. ‘ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்’ போன்றவற்றைத் தொடக்க வகுப்பில் தொடவே வேண்டாம். கேட்டால் சொல்லலாம்: ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் ஃபர்ஸ்ட் கசின், ஒரே கொள்ளுத் தாத்தா பாட்டி என்றால் செகண்ட் கசின், ஒரு தலைமுறை ஏற்ற இறக்கம் இருந்தால் ஒன்ஸ் ரிமூவ்ட். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் குழம்புவார்கள். ஸ்டெப்-பிரதருக்கும் ஹாஃப்-பிரதருக்கும் உள்ள வித்தியாசம் அப்படியல்ல, அது தெரிந்திருக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் பொதுவாக இருந்தால் ஹாஃப், மறுமணத்தால் மட்டும் சேர்ந்தவர் என்றால் ஸ்டெப்.

எத்தனை சொற்களை ஒரே நேரத்தில் கொடுப்பது என்பதிலும் யோசிக்க வேண்டியது இருக்கிறது. பொருளில் நெருங்கிய சொற்களைக் கூட்டமாகப் படித்தால் ஒன்றோடொன்று குழம்பிப் படிக்கும் வேகம் குறைகிறது என்று தாமஸ் டிங்கம் 1993-இல் செய்த சோதனைகள் காட்டின, ராப் வேரிங் 1997-இல் அதைத் திரும்பச் செய்தபோதும் அதேபோன்ற முடிவுதான் வந்தது. நெஃப்யூவும் நீஸும் ஒரே நாளில் கற்ற மாணவர்களில் பலர் மாதக்கணக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வதைக் கவனித்த எந்த ஆசிரியருக்கும் இது ஆச்சரியம் தராது. முதலில் வீட்டுக்குள் இருப்பவர்கள் மட்டும், அதுவும் மாணவர் உடனே பேசப்போகும் நான்கைந்து பேர். நீஸ் இன்று, நெஃப்யூ இரண்டு வாரம் கழித்து ஒரு கதையில். முழு மரத்தையும் ஒரே படத்தில் தொங்கவிடுவது பார்க்க அழகாக இருக்கலாம், நினைவுக்கு உதவுவதில்லை.

அப்புறம், ‘உன் குடும்ப மரத்தை வரைந்து வா’ என்ற வீட்டுப்பாடம். அப்பா இல்லாத பிள்ளை, தத்தெடுக்கப்பட்ட பிள்ளை, பாட்டியிடம் வளரும் பிள்ளை, சமீபத்தில் ஒருவரை இழந்த பிள்ளை, இவர்களில் யாராவது ஒருவர் வகுப்பில் இருப்பார் என்று எடுத்துக்கொண்டுதான் பாடத்தைத் திட்டமிட வேண்டும். நாமே ஒரு கற்பனைக் குடும்பத்தை உண்டாக்கி அதை வைத்துப் பயிற்சி செய்யலாம், தன் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். வேண்டியவர்களுக்குக் கார்டியன், ஃபாஸ்டர் மதர், ஸ்டெப்ஃபாதர் போன்ற சொற்களைத் தனியாகக் கொடுத்துவிட வேண்டும், தன் வீட்டைச் சொல்லத் தேவையான சொல் பாடத்தில் இல்லாமல் எந்தப் பிள்ளையும் நிற்கக் கூடாது.

உறவுக்கு வெளியே கூப்பிடுவது எப்படி என்பது இந்தப் பாடத்தின் மறுபாதி. தமிழில் முன்பின் தெரியாதவரையும் அண்ணா, அக்கா, தம்பி, ஐயா, அம்மா என்று ஏதாவது ஓர் உறவில் வைத்துத்தான் பேச்சைத் தொடங்குகிறோம். ஆங்கிலத்தில் அந்த இடம் காலி. ‘எக்ஸ்கியூஸ் மீ’ என்பது அந்தக் காலியிடத்தை நிரப்புகிறது. நடுவயதுப் பெண்ணை ஆன்ட்டி என்றால் பலர் மனம் நோவார்கள், பெற்றோரின் நெருங்கிய நண்பர்களைப் பெயரோடு சேர்த்து அப்படிக் கூப்பிடும் குடும்பங்கள் உண்டு என்றாலும். மாணவர்கள் இங்கே கேட்கும் கேள்வி நியாயமானது: எல்லாரையும் ‘யூ’ என்றால் மரியாதை எங்கே? முதலில், ‘யூ’ என்பது பன்மை வடிவம், நம்முடைய ‘நீங்கள்’ போலப் பெரியவர்களுக்கும் வழங்கியது. ‘நீ’ என்பதற்கு இணையான ‘தௌ’ பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் பொதுப் பேச்சிலிருந்து விலகிவிட்டது. ஆகவே இன்றைய ஆங்கிலத்தில் குழந்தையும் ‘நீங்கள்’ தான். இரண்டாவது, மரியாதை வினைக்குப் போய்விட்டது. ‘ஓபன் த டோர், சர்’ என்பது தமிழ்க் காதுக்குப் பணிவாகக் கேட்கும், ஆங்கிலக் காதுக்கு அது கட்டளை. ‘குட் யூ ஓபன் த டோர், ப்ளீஸ்?’ என்பதில் எந்த விளிச்சொல்லும் இல்லை, பணிவு முழுக்க இருக்கிறது. உறவுச் சொல்லில் வைத்திருந்த மரியாதையை ‘குட் யூ’, ‘வுட் யூ மைண்ட்’ ஆகியவற்றுக்கு மாற்றுவதுதான் இங்கே உண்மையான பாடம், இதை நான் இலக்கண வகுப்புக்குத் தள்ளிப்போட மாட்டேன்.

பட்டங்கள் விஷயத்தில் விதி எளிது, பழக்கம் கடினம். மிஸ்டர், மிஸஸ், மிஸ், மிஸ் என்றே நம் காதில் விழும் ஆனால் கடைசியில் ‘ஸ்’ அதிர்ந்து ஒலிக்கும் எம்எஸ், இவை நான்கும் குடும்பப் பெயரோடு வரும், சொந்தப் பெயரோடு வராது. திருமணம் ஆனதா இல்லையா என்று காட்டாத எம்எஸ் 1901-லேயே முன்மொழியப்பட்டது, நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றுக்கொண்டது 1986-இல்தான். ஒரு பெண் தன்னை எப்படிக் குறிப்பிடுகிறார் என்று தெரியாதபோது அதுவே பாதுகாப்பு. ‘டாக்டர்’, ‘ஆஃபீசர்’, ‘நர்ஸ்’ தனியாகக் கூப்பிடலாம், ‘டீச்சர்’ அவ்வளவு இயல்பாக இருக்காது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகள் சர், மிஸ் என்பார்கள், அமெரிக்காவில் பெரும்பாலும் பட்டத்தோடு குடும்பப் பெயர்.

குடும்பப் பெயர் என்றதும் தமிழ் மாணவருக்குத் தனிச் சிக்கல் வருகிறது, பலரிடம் அது இல்லை. தலைப்பெழுத்தாக நிற்கும் அப்பா பெயரைப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் எழுதுகிறோம், அதன் பிறகு வரும் கடிதங்கள் எல்லாம் மிஸ்டர் என்று தொடங்கி அப்பாவை விளிக்கின்றன. திருமணமான பெண்ணின் கட்டத்தில் கணவர் பெயர் இருந்தால் அந்தப் பெண்ணின் பெயர் எங்குமே கேட்பதில்லை. இதை வகுப்பிலேயே, உண்மையான படிவம் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொருவரும் தன் பெயரை நிரப்பிப் பார்த்து, எதை வைத்துக் கூப்பிடப்படப்போகிறோம் என்று முன்னதாகவே தெரிந்துகொள்ளும்படி செய்ய வேண்டும். கூடவே இரண்டு வாக்கியங்கள் நாக்கில் ஏற வேண்டும். தன் பெயரைச் சொல்லி ‘ப்ளீஸ் கால் மீ...’ என்பது ஒன்று. மற்றவரிடம் ‘வாட் ஷுட் ஐ கால் யூ?’ என்று கேட்பது இன்னொன்று, மாமியாரிடம்கூட இதைக் கேட்கலாம், பல ஆங்கிலக் குடும்பங்களில் மருமகன்களும் மருமகள்களும் இந்தக் கேள்வியைக் கேட்காமலே எந்தப் பெயரும் சொல்லாமல் வருடக்கணக்கில் சமாளிக்கிறார்கள்.